சாலைக்கு அந்தப் பக்கம் புகையலாம்

போன குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமையானால் நாங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நகரத்துக்குப் புறப்பட்டுவிடுவோம். கோயிலுக்கா என்று கேட்காதீர்கள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி சாம்பிராணி போடுவதற்கு. அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் நகராட்சி, அந்தப் பக்கம் வேறு நகராட்சி. எங்கள் பக்கத்துச் சட்டப்படி புகை பட்டால் அலறும் ஸ்மோக் அலாரம் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று இருக்க வேண்டும், கூடத்தில் தனியாக ஒன்று வேண்டும், பேட்டரியைக் கழற்றவே முடியக்கூடாது. ஒன்று அலறினால் மற்றவையும் சேர்ந்து அலற வேண்டும். அந்தப் பக்கமோ, பழைய வீடாக இருந்தால் தளத்துக்கு ஒன்று போதும், கடையில் வாங்கிய சாதாரண பேட்டரியே போதும். நெருப்பு சாலையைக் கடக்கும்போது அதன் குணம் மாறிவிடும் போலிருக்கிறது.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பது மரக்காணத்துக்காரனான எனக்குப் புதிதில்லை. பொம்மையார்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி. அங்கே பாட்டில் மலிவு. எங்கள் ஊர் ஆண்கள் பலருக்கு இந்திய அரசியலமைப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். மனிதன் எதைக் குடிக்கலாம் என்பதற்குத்தான் அரசாங்கம் கோடு போடும் என்று நினைத்திருந்தேன். எங்கே புகை போடலாம் என்பதற்கும் போடும் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா இறந்த பிறகு தனியாக இருந்த அம்மா, என் மனைவி கலாவின் பிரசவத்துக்காக வந்திருந்தாள். ஆறு மாதம் தங்க அனுமதி. அந்த ஆறு மாதத்தை நான் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வந்த மறுநாளே கருவாடு வறுத்தாள். வீடே அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ய, சிவப்பு வண்டி வந்து நின்றது.

"ஏம்பா, கருவாடு வறுத்ததுக்கா இம்மாம் பெரிய வண்டி?" என்றாள் அம்மா. "நம்மூர்ல குடிசை எரிஞ்சாக்கூட வண்டி வர்றதுக்குள்ள சாம்பலே ஆறிப்பூடும்."

கருவாட்டை விட்டுக்கொடுத்தாள். சாம்பிராணியை விட மாட்டேன் என்றுவிட்டாள். பேத்திக்குச் சளி பிடித்தால் யார் பொறுப்பு? அதற்காக மரக்காணத்திலிருந்து கொட்டாங்கச்சிகூடக் கொண்டுவந்திருந்தாள். அமெரிக்க விமான நிலையத்தில் அதைச் சோதித்த அதிகாரியின் முகத்தை அம்மா எங்களுக்கு நடித்தே காட்டினாள். கடைசியில் கைகொடுத்தவர் வானூர்க்காரரான செல்வி அக்கா. அவர் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். பழைய வீடு, ஒரே அலாரம்.

அந்த ஒன்றையும் அம்மா விட்டுவைக்கவில்லை. எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் யாரும் நெருப்புக்குப் பயப்பட்டதில்லை, மழைக்குத்தான் பயம். மேகம் கறுத்தால் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஓடிப்போய் உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் இழுத்துக் கட்டுவார்கள். அம்மா பல வருடம் அப்படிக் கட்டியவள். ஸ்டூலில் ஏறி, செல்வி அக்கா வீட்டு அலாரத்தைப் பாலிதீன் தாளால் மூடி, கயிற்றால் அதே கட்டு கட்டினாள். "ஒரு பொட்டு புகை உள்ள போவாது" என்றாள். போகவில்லைதான். குழந்தை மணக்க மணக்கத் தூங்கியது. வாரா வாரம் இதே ஏற்பாடு. முடிந்ததும் நான் கட்டை அவிழ்த்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டி, சாலையை மூடிவிட்டார்கள். நான் வேலைக்குப் போகாமல் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா எங்கள் கூடத்து அலாரத்தைப் பாலிதீனால் இழுத்துக் கட்டிவிட்டு, கொட்டாங்கச்சியை மூட்டி, சாம்பிராணியைத் தூவியிருக்கிறாள். புகை படுக்கையறைக்குப் போனது. அங்கிருந்த அலாரம் அலறியது. சட்டம் சொன்னபடியே மற்றவையும் அலறின. பாலிதீனுக்குள் கட்டிப்போட்டதும்கூட மூச்சுத் திணறியபடி தன் கடமையைச் செய்தது.

வந்த தீயணைப்பு வீரர் எதை எரித்தீர்கள் என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில், "குழந்தையின் தலைமுடிக்காக" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மாறியது. குழந்தையின் குல்லாயைக் கழற்றி, தலையை ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

அம்மா நெகிழ்ந்துபோனாள். "எவ்ளோ ஆசையா தலைய தடவுறாரு பாரு. ஏம்மா கலா, அவருக்கு ஒரு காபி குடும்மா."

காபி குடிக்காமலே அவர் அண்ணாந்து பார்த்தார். பாலிதீன் கட்டு தெரிந்தது. சாயங்காலம் குடியிருப்பு மேனேஜர் வந்தார். அலாரத்தை மூடுவது குற்றம், இன்னொரு முறை நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று புன்னகை மாறாமல் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை. தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, சீலிங்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொந்த மகன் வீட்டில் அவள் அப்படி ஒடுங்கி உட்கார்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"டிக்கெட்ட மாத்திடுப்பா" என்றாள் ஒரு நாள். "என்னால உங்களுக்கு வூடு போவக் கூடாது." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் மாதமே கிளம்பிவிட்டாள்.

அவள் கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் செல்வி அக்கா தன் சமையலறையை இடித்துக் கட்டப் போனார். அந்த நகராட்சியும், அப்படியானால் நீங்களும் புது அலாரங்கள் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டது. பழையது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கேஸ் அடுப்பும் தனிமையுமாக இருக்கப்போகிறவள் என்று அதை அம்மாவின் பெட்டியில் நான்தான் வைத்தேன். மரக்காணத்தில் அது வாரத்துக்கு நாலு முறை அலறுகிறது. கொசுவுக்கு யாராவது மூட்டம் போட்டால் போதும். வண்டியெல்லாம் வருவதில்லை. அடுத்த வீட்டு மல்லிகா வருகிறாள். என்ன வறுக்கிறாய் என்று கேட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

போன வாரம் போனில் பேசும்போது அம்மாவின் குரலுக்கு நடுவே 'கீச்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"பேட்டரி தீர்ந்துபோச்சும்மா. அதான் கத்துது. மாத்தச் சொல்லு."

"தெரியும். மல்லிகா புள்ள வாங்கியாந்து குடுத்துட்டான். நான்தான் போட வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"போட்டா சத்தம் நின்னுடுமே. அது கத்துனா உன் வூட்ல இருக்கற மாதிரி இருக்குது. வுடு."

போனில் அது மறுபடியும் கீச்சிட்டது. என் மடியிலிருந்த மகள் அண்ணாந்து, எங்கள் வீட்டு சீலிங்கில் அதைத் தேடினாள்.