காலியாக விட்ட இடம்

போன ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, இரண்டாம் தடவையாக ஒரே துக்கத்தை விசாரிக்கப் போனேன்.

என் சிநேகிதர், கணக்கு வாத்தியார், போன மாதம் தவறிப்போனார். அடக்கத்துக்கு நானும் இருந்தேன். இப்போது போனது, மேற்கு ஜெர்மனியிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த அவர் மகள் ஹெலனைப் பார்க்க. தந்தி கிடைத்து, லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து... அதுவரை இங்கே ஐஸ் கட்டி தாங்குமா?

"எல்லாரும் இருந்தாங்க அங்கிள். நான் மட்டும்தான் இல்ல," என்றாள்.

ஆறுதல் சொல்வதா? எனக்கு வராத வித்தை அது. "அங்கே என்னம்மா வேலை?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன்.

பொறுமையாகச் சொன்னாள். பாக்டீரியாவுக்குள்ளே புரதம் தயாரிக்கும் துணுக்குகள் உண்டாம் — ரைபோசோம். அதற்குள் ஆர்.என்.ஏ. என்று ஓர் இழை சுருண்டு கிடக்கிறது. அதன் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தேடுகிறாள்.

"கண்ணுக்குத் தெரியுமா?"

"நுனி தெரியாது அங்கிள். அதை மட்டும் போய்ப் பிடிச்சுக்கிற மாதிரி, ஒய் எழுத்து கணக்கா ரெண்டு கை இருக்கிற ஒரு ஆன்டிபாடி சேர்ப்போம். போட்டோல அதோட கை எங்க தொடுதோ, நுனி அங்க இருக்குன்னு அர்த்தம்."

புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அப்போது அவள் அம்மா அடக்கத்தன்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தார். கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம்தானே — பெட்டியை மூடுமுன் குடும்பம் சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் படம். அன்று அம்மாவின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. "கேப் கீதும்மா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க," என்று தாம்பரத்து ஸ்டுடியோக்காரர் கெஞ்சிப் பார்த்தார். அம்மா நகரவில்லை. துக்கத்தில் காதில் விழவில்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

ஹெலன் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை நகர்ந்து அந்த இடைவெளியில் நின்றது. அங்கே அம்மாவின் வலது கை நீண்டிருந்தது. விரல்கள் லேசாக வளைந்து, ஒரு தோளைப் பற்றியிருக்கும் உயரத்தில்.

அதை நானே அப்போதுதான் கவனித்தேன்.

"நீ இல்லாம எப்படிடி போட்டோ எடுக்கிறது?" என்றார் அம்மா.

வந்த நாளிலிருந்து அழாத பெண், போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வாத்தியார் அடக்கத்துக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று இனி யாராவது கேட்டால், ஹெலனையும் சேர்த்துத்தான் சொல்வேன்.