கூரையில்லாத மேல் அறை

கண்டிக்கு அருகே குண்டசாலையில் தனியாக வாழும் பெற்றீசியா டீச்சர், மகன் அன்ட்ரூ கலியாணம் முடித்து வந்தால் இருக்கட்டும் என்று மேல்மாடியில் ஓர் அறை கட்டத் தொடங்கினார். கூரை போடுமுன் அன்ட்ரூ கட்டாரில் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்துவிட்டான். வேலை அப்படியே நின்றது.

நகரத்தின் வீட்டுத் தேவையைக் கணக்கெடுக்க வந்த ரிப்கா கேட்டாள்: "டீச்சர், இன்னும் அஞ்சு வருசத்துல இங்க எத்தன பேர் இருப்பீங்க?"

"நான், மகன், மருமகள், ஒரு பேரப்பிள்ளைன்னு நாலு பேர நெனச்சித்தான் கட்டுனேன், மகள். இப்ப நான் மட்டுந்தான்."

"அப்ப மேல் அறை தேவையில்லன்னு எழுதவா?"

டீச்சர் மேல் அறைக்குப் போகும் படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்பிடி எழுத வேணாம். மண்சரிவுல வீடு போனவங்க இன்னும் முகாம்ல இருக்காங்கதானே? ஒரு குடும்பத்த வரச் சொல்லுங்க," என்றார்.

கூரை போட்டாயிற்று. மண்சரிவில் வீடிழந்த தெல்தெனியப் பக்கத்துக் குடும்பமொன்று அங்கே குடியிருக்கிறது. பிள்ளைகள் இறங்கிவந்து டீச்சரோடு சாப்பிடுகிறார்கள். டீச்சர் மட்டும் இன்றுவரை அந்தப் படியேறவில்லை.