நாலாவது கட்டம் காலி

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. நான் கம்ப்யூட்டர் வேலை பாக்கறவன். பேய்னு எவனாவது சொன்னா சிரிச்சவன். இது எனக்கே நடந்துது, போன நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்ல.

தேவனாம்பட்டினத்துல படகுக்காரங்க சங்கத்துக்கு ஒரு ஆபீஸ் இருக்கு. கடலுக்குப் போறவங்க கிளம்பின நேரம், திரும்பின நேரம் அங்க கம்ப்யூட்டர்ல ஏறும். திரும்பின நேரம் காலியா இருந்தா ஆளு இன்னும் கடல்லன்னு அர்த்தம். பழைய புரோகிராம் ஓடிபிசிங்கற பழைய இணைப்பு வழியா டேட்டாவைப் படிச்சுது. அதை ஜேடிபிசிங்கற புது இணைப்புக்கு மாத்தற வேலை எனக்கு. அதுல தேதின்னா இதுல என்ன டைப், அதுல நம்பர்னா இதுல என்னன்னு எல்லாம் நான்தான் பொருத்தினேன். காலியா இருக்கற நேரக் கட்டம் மட்டும் எர்ரர் அடிச்சிக்கிட்டே இருந்துது. சோம்பேறித்தனம்... காலியா வந்தா அப்போதைய நேரத்தைப் போட்டுக்கோன்னு ஒரே ஒரு வரி எழுதி முடிச்சிட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம் ஓட விட்டாச்சு.

மறுநாள் மத்தியானம் 2.50. சிதம்பரம் கீழ வீதியில என் ரூம். வெளிய புயல் மழை. என் தங்கச்சி ஆரோக்கிய அனிதா போன் பண்ணா.

"ராபர்ட் அண்ணே, அவரு இன்னும் வரல. ஒரு மணியிலேர்ந்து கெஞ்சறேன். எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்கன்னு லிஸ்ட் சொல்லுதாம். தேடப் போக மாட்றாங்க."

அவ புருஷன், என் மச்சான் லியோ. கடல்ல இருக்கறவனையும் திரும்பிட்டான்னு லிஸ்ட்ல காட்டறது நான் எழுதினதுதான். அந்த ஒரு வரி.

தேவனாம்பட்டினம் போக பஸ் ஓடல. யார் யாரு கடல்லன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்னு, ரூம்லேர்ந்தே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நுழைஞ்சேன். லைன் விட்டு விட்டு வந்துது. அந்த வரியை அழிச்சு லிஸ்ட்டைத் திறக்கறப்ப மணி 3.38.

நாலு கட்டம் காலி. ஒரே படகு. தைரியராஜ், இளவரசு, அன்புமணி, லியோ.

சங்கத்துச் செயலாளர் செந்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டேன்.

"லிஸ்ட் தப்பு சார். நாலு பேர் கடல்ல இருக்காங்க. என் தப்பு. படகை அனுப்புங்க."

"இப்ப சொல்றியேய்யா..." வச்சிட்டாரு. தேடற படகு உடனே கிளம்பிச்சு.

3.44. தைரியராஜ் கட்டத்துல ஒரு எண் விழுந்துது.

5... புள்ளி... 52.

மணி இன்னும் நாலே ஆகல. வராத நேரத்தை என் புரோகிராம் ஏத்துக்கவே ஏத்துக்காது. என் பழைய வரி பாக்கி இருக்கோன்னு தேடினேன். இல்ல.

மறுபடி செயலாளருக்குப் போட்டேன். "ஆபீஸ்ல யாரு சார்?"

"யாருமில்ல. சாவி என் பாக்கெட்ல."

இளவரசு... 5.52.

அன்புமணி... 5.52.

லியோ...

காலி.

நானே அடிச்சேன். 5.52.

அழிஞ்சுது.

திரும்ப அடிச்சேன். திரும்ப அழிஞ்சுது.

டக்... டக்... டக்...

சத்தம் என் கீபோர்டுல. நான் கையை எடுத்துட்டேன். அழிக்கற கீ மட்டும் தானா அமுங்குது...

தொட்டேன். ஈரம்.

"மச்சான்... போட விடு மச்சான்..."

டக்.

மணி நிஜமாவே 5.52 ஆனப்ப போன் அடிச்சுது. அனிதா.

"மூணு பேரைக் கொண்டாந்துட்டாங்கண்ணே. அவரு எங்க?"

மூணாம் நாள் ஆஸ்பத்திரியில தைரியராஜைப் பாத்தேன். படகு கவுந்தது பன்னெண்டரைக்காம். நாலு பேரும் அதைப் புடிச்சிக்கிட்டுத் தொங்கியிருக்காங்க. லியோவுக்குத்தான் கை விட்டுப் போச்சு. அப்ப இளவரசு வாட்ச்சுல மணி பாத்திருக்கான். 3.40.

ரூமுக்கு வந்து, அந்த மூணு நேரத்தையும் யாரு பதிஞ்சதுன்னு எடுத்துப் பாத்தேன். பதிஞ்சது 3.44லேர்ந்து 3.47 வரைக்கும். பதிஞ்சவர் பேர், லியோ.

ஒரு மணிக்கே படகு போயிருந்தா மச்சான் பொழைச்சிருப்பான். அனிதாகிட்ட அந்த ஒரு வரியைப் பத்தி நான் இன்னும் சொல்லல.