டிரையர் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

காலை ஒன்பது நாற்பத்தைந்து. நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பை. நீல வார். இடது செருப்பின் வார் பிய்ந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. இரண்டும் சுவரோரமாக, ஒன்றையொன்று தொட்டபடி, முனை வெளியே பார்க்க வைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகுதான் நெல் காயவைக்கும் டிரையரின் அடியில் குனிந்திருந்த ஆலை மேஸ்திரியின் முதுகைப் பார்த்தேன். அவருக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த, ஆலையைக் கூட்டும் அக்காவையும், அந்த அக்காவின் மடியில் கிடந்த வலது கையையும் கடைசியாகத்தான் பார்த்தேன். பின்னாளில் பத்திரிகை வேலைக்கு வந்து எத்தனையோ விபத்து நடந்த இடங்களுக்குப் போயிருக்கிறேன். எங்கே போனாலும் கண் முதலில் தரையில் செருப்பைத் தேடும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மாட்டித் தரும் ஒரு சென்னை நிறுவனத்தில் இருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஒரு அரிசி ஆலைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே நெல் ஊறவைக்க ஐந்து தொட்டிகளும், அவித்த நெல்லைக் காயவைக்க மூன்று டிரையர்களும் இருந்தன. எட்டுக்கும் தனித்தனியே பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. ஒரு பெட்டிக்குத் தன் இயந்திரம் மட்டும்தான் தெரியும், பக்கத்துப் பெட்டியோடு பேசாது. பெட்டிக்கு ஒரு தொடர்பு கார்டு செருகி, எட்டையும் ஒரே இரட்டைக் கம்பியில் கோத்து, ஆபீஸ் அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம், ஓட்டலாம்.

கம்பி ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் வேண்டும். கம்ப்யூட்டர் ‘ஆறு, சுற்று’ என்றால் எட்டுப் பெட்டிகளுக்கும் கேட்கும். ஆனால் ஆறாம் எண் பெட்டி மட்டும் சுற்றிவிட்டு, ‘சுற்றினேன்’ என்று பதில் அனுப்பும். எண்ணை வைக்க கார்டில் பச்சைப்பயறு அளவில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். மெல்லிய திருப்புளியால் திருப்ப வேண்டும். தொட்டிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை, டிரையர்களுக்கு ஆறு, ஏழு, எட்டு என்று வைத்தேன். அதிலிருந்து மூன்று டிரையர்களையும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்றே கூப்பிட்டோம். பேசும் வேகமும் எட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்காவது தொட்டியின் கார்டில் அதை மாற்றி வைத்துவிட்டு, ஏன் பதில் வரவில்லை என்று ஒரு பகல் முழுக்க கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பகல் முழுக்க மேஸ்திரி என் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, தலையில் துண்டு. எந்த மோட்டாரில் பேரிங் போகப்போகிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். “இத்தினி வருசமா சுவிச்ச போட்டா சுத்துச்சு. இனிமே பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் சுத்துமா? என் வூட்டுக்காரி மாதிரி ஆயிடுச்சே சார் இது” என்றார். டிரையர்களைக் கூட்டிச் சுத்தம் செய்யும் அக்கா அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, “அந்தம்மா கூப்பிட்டா நீங்கதான் சுத்துறீங்கன்னு ஊரே சொல்லுது” என்றார்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. நெல் கிடக்கும் இடத்தில் யாரும் செருப்புக் காலோடு மிதிக்க மாட்டார்கள். டிரையருக்குள் இறங்குபவர் வாசலில் செருப்பை விட்டுத்தான் இறங்குவார். ஆகவே வெளியே செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். சுவிட்ச் போடுகிறவர் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பார். இதற்கு எந்தப் பலகையும் மாட்டவில்லை, யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததாகவும் தெரியவில்லை. நான்கு நாட்களாக இதைப் பார்த்திருந்தேன். ஆபீஸ் அறையிலிருந்து பார்த்தால் அந்தத் தரை தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கார்டைச் செருகியபோது மேஸ்திரி முகம் சுளித்தார்.

“எட்டு வேணாம் சார். முதலாளிக்கு ஆவாது. நம்ம லாரி, கார் எல்லாம் கூட்டிப் பாருங்க, ஆறுதான் வரும்.”

“மேஸ்திரி, இது லாரி நம்பர் இல்ல. வெறும் நம்பர்தான்” என்றேன்.

“வெறும் நம்பர்தானா?”

“வெறும் நம்பர்தான்.”

நான் பெட்டியை மூடிவிட்டு, பவுர்ணமிக்கு வந்தவர்களால் நிரம்பியிருந்த ஊருக்குப் பஸ் ஏறி, லாட்ஜில் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை ஆறாவது டிரையரை மட்டும் சோதிப்பதாக ஏற்பாடு. கம்ப்யூட்டரில் ஒரு விசையை அழுத்தினால் அடியில் இருக்கும் திருகுத் தண்டு, அவர்கள் ஸ்குரூ என்பது, மூன்று நொடி சுற்றி நிற்கும். சுற்றுகிறதா என்று பார்க்க மேஸ்திரி ஆறாவது டிரையர் பக்கத்தில் நிற்பார், பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்து சொல்வார். போகும்போது வாசலில் திரும்பி, “ஒரு தடவ அமுக்கிட்டு, நான் வந்து சொல்ற வரைக்கும் கைய மடியில வெச்சுக்கோங்க” என்றார். சரி என்றேன்.

அழுத்தினேன். திரையில் ‘பதில் இல்லை’ என்று வந்தது. மறுபடியும் வேகத்தில் தவறு செய்துவிட்டேனோ என்ற எரிச்சல். முதலாளி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் பதில் இல்லை. அதற்குப் பிறகு யாரோ மெயின் சுவிட்சை இறக்கினார்கள். பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறி நின்றது. அதுவரை அந்த இரைச்சலில் அமுங்கியிருந்த குரல் அப்போதுதான் கேட்டது.

சோதனை ஆறாவது டிரையரில்தான் என்று சொல்லியிருந்ததால் அக்கா எட்டாவது டிரையரின் அடியில் ஒட்டியிருந்த நெல்லைச் சுரண்ட இறங்கியிருந்தார். ஆலை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஊருக்குள் நுழையும் இடத்தில் கூட்டம். மேஸ்திரி இறங்கி, துண்டை வீசிக்கொண்டு வேனுக்கு முன்னால் ஓடினார். அரசு ஆஸ்பத்திரியில் அக்காவின் வீட்டுக்குத் தகவல் சொல்ல மேஸ்திரி போயிருந்தபோது, அக்கா என்னிடம் சொன்னார். அழவில்லை. விளக்கம் கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

“மொதல்ல சுத்துச்சு தம்பி. பொடவ மாட்டிக்கிச்சு. அப்புறம் நின்னுடுச்சு. நின்னுடுச்சேன்னுதான் கைய வுட்டு இழுத்தேன்.”

மூன்று விரல்கள் போயின.

மதியம் திரும்பி வந்து எட்டாவது டிரையரின் பெட்டியைத் திறந்தேன். சுவிட்ச் ஆறில் இருந்தது. பதில் வராததன் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. ஆறு என்று நான் கூப்பிட்டதும் இரண்டு பெட்டிகளும் சுற்றின. இரண்டும் ஒரே நேரத்தில் ‘சுற்றினேன்’ என்று பதில் அனுப்பின. ஒரே கம்பியில் இரண்டு பதில்களும் மோதிக் குழம்பியதால் திரையில் பதில் இல்லை என்று வந்தது. இரண்டு முறையும் வந்தது. நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மேஸ்திரி பின்னால் நின்றிருந்தார்.

“நான்தான் சாயந்தரம் திருப்புனேன். வெறும் நம்பர்தான்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். அதில் கோபம் இல்லை. அவர் உதடு வெளுத்திருந்தது.

மாலையில் முதலாளி அறிக்கை கேட்டார். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் செய்தி அது என்று சொல்லலாம். பதினோரு வரிகள். யார், எங்கே, எப்போது, எப்படி எல்லாம் இருந்தன. எண் அனுமதியின்றி மாற்றப்பட்டது என்பது இருந்தது. ‘சோதனைக்காக இயந்திரம் ஒரு முறை இயக்கப்பட்டபோது’ என்றும் எழுதியிருந்தேன். முதலாளி என் பின்னால் நின்றவர்தான், ஆனால் நான் எத்தனை முறை அழுத்தினேன் என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. ஆறாவது டிரையர் இரண்டு முறை சுற்றியதை ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தவர் மேஸ்திரி. அவரிடம் சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார்கள். வரிக்குக் கீழே விரலை ஓட்டி ஒரு முறை படித்தார். மேலே போய் மறுபடியும் படித்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் மறுநாள் சென்னைக்குப் போனேன். ஆறு மாதத்தில் அந்த வேலையையே விட்டேன்.

எட்டு வருடம் கழித்து கலெக்டர் ஆபீசில் ஒரு செய்திக்காக வேங்கிக்கால் போனபோது விசாரித்து மேஸ்திரியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குக் காவலாக இருந்தார். பக்கத்திலேயே கூரை போட்டு வீடு. என்னை உடனே அடையாளம் கண்டார். “பேப்பர்காரர் ஆயிட்டீங்களாமே. இப்போ எத்தினி வரி எழுதுறீங்க?” என்று சிரித்தார். காபி வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“நான் ரெண்டு தடவை அழுத்தினேன் மேஸ்திரி.”

“தெரியும். அங்கதான நின்னேன்.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“நம்பர திருப்புனது நான்தான. அத இல்லன்னா சொல்ல முடியும்? ரெண்டாவத நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். சைக்கிள கேட் பக்கத்துல வெச்சுக்கினு இருட்டுற வரைக்கும் இருந்தேன்.”

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. வேறு யாரைப் பற்றியோ பேசுவது போல, நான் போன பிறகு ஆலையில் நடந்ததைச் சொன்னார். பழைய ஆட்கள் அவரிடம் சொன்னதாம். எட்டாவது டிரையரை ஓட்டச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். போனவன் சுவிட்ச் போடாமல் திரும்பி வந்திருக்கிறான். அடுத்தவனும் அப்படியே. ஊறிய நெல் தொட்டியில் புளிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளியே கத்திப் பார்த்திருக்கிறார். “செருப்பு இருக்குதுங்களே” என்றார்களாம்.

நான்காம் நாள் அக்காவின் கணவர் வந்து, ஊக்கு குத்திய அந்தச் செருப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அன்று பிற்பகல் எட்டாவது டிரையரை ஓட்டினார்கள்.