அட்டை இல்லாத வண்டி

காலை ஒன்பது மணிக்குள் பதினாறு சார்ஜர் கம்பங்களையும் துடைத்து, தரையில் கிடக்கும் வயர்களைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். அந்த வேலை கையுறை அக்காவுடையது. விமான நிலையத்தில் நாள்கணக்கில் வண்டியை விட்டுப்போகிறவர்களுக்கான நிறுத்தத்தில், இரண்டாம் மாடியில், பதினோரு மாதமாக அவள்தான் அதைச் செய்கிறாள். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் ஈரக்கையோடு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுச் சுவரோரம் போய் விழுந்தவள். அன்றிலிருந்து கரண்ட் என்றால் ஆகாது. வீட்டில் மிக்ஸி சுவிட்சைக்கூட மரக்கரண்டியால்தான் தட்டுவாள்.

"அண்ணி, வயர் துடைக்கறீங்களா, பிரசவம் பாக்கறீங்களா?" என்பான் கொழுந்தன். அவன்தான் அந்த மாடிக்கு மேற்பார்வையாளன். அண்ணன் முதுகு ஒடிந்து படுக்கையில் விழுந்தபோது, இந்த வேலையை அண்ணிக்கு வாங்கிக் கொடுத்தவன். "எங்க அண்ணிதான், நான் பொறுப்பு" என்று மேலதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்திருந்தான். அவள் வேலை போனால் அவன் பேரும் கூடவே போகும். இவர்கள் இருவரைத் தவிர வீட்டில் வேறு யாரும் சம்பாதிக்கவில்லை.

வேலை போவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வாடிக்கையாளர் வண்டியையோ அதில் செருகிய பிளக்கையோ ஊழியர் தொடக்கூடாது. தூசி படிந்த கண்ணாடியில் விரலால் பூ வரைந்ததற்காகவே மீசைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஆனால் வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். கம்பத்துக்கு ஒரு வயர். அதன் இரண்டு பக்கமும் இரண்டு வண்டி. ஒருவர் செருகிவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டால் பக்கத்து வண்டி பட்டினி கிடக்கும். அதனால் முன்கண்ணாடிக்குள் ஓர் அட்டை வைப்பார்கள். 'நிறைந்ததும் எடுக்கலாம்' அல்லது 'எடுக்க வேண்டாம்' என்று. கீழே திரும்பும் தேதி. வண்டியை விட வருகிறவர் பக்கத்து அட்டையைப் பார்த்து, எடுக்கலாம் என்றால் எடுத்துத் தன் வண்டியில் செருகிக்கொள்வார். அட்டையே இல்லாத வண்டியை யாரும் தொடமாட்டார்கள்.

அக்காவுக்கு இது புதிதில்லை. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஏழு குடும்பத்துக்கு ஒரு சலவை மெஷின். ஓடி முடிந்த துணியை எடுத்து மடித்து மேலே வைத்துவிட்டு அடுத்தவர் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஒருமுறை மேல்வீட்டுக்காரி, "எங்க வீட்டுத் துணியை நீ ஏன் தொட்ட?" என்று படிக்கட்டே அதிரக் கத்தினாள். அந்தக் குரல் இன்னும் அக்காவின் காதில் இருக்கிறது. இருந்தும் அடுத்தவர் துணியை மடிப்பதை அவள் விடவில்லை. காத்திருக்கிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் ஆகாது.

அந்தக் குணம்தான் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவளை மாட்டிவிட்டது.

ஒன்பதாம் கம்பத்தில் ஒரு கறுப்பு வண்டி. அட்டை இல்லை. முந்தின நாள் விட்டது. கம்பத்தில் பச்சை விளக்கு அசையாமல் நின்றது. சின்னத் திரையில் 'முடிந்தது' என்று இருந்தது. பக்கத்துச் சிவப்பு வண்டியில் இருந்த அட்டையில், 'யாராவது பிளக்கை மாற்றித் தந்தால் புண்ணியமாகப் போகும். கைக்குழந்தையோடு திரும்புகிறோம்' என்று எழுதியிருந்தது. அக்கா அதை மூன்று தடவை படித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கறுப்பு வண்டியின் பிளக்கை உருவிச் சிவப்பில் செருகினாள். மனசு கேட்காமல், பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து, 'உங்கள் வண்டி நிறைந்துவிட்டது. ஒரு குழந்தைக்காக எடுத்தேன். மன்னிக்கவும்' என்று எழுதிக் கறுப்பு வண்டியின் வைப்பருக்குக் கீழே சொருகினாள். நிமிர்ந்தபோதுதான் கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னுவதைப் பார்த்தாள். காவல் கேமரா. கிட்டே யார் வந்தாலும் விழித்துக்கொண்டு படம் பிடிக்கிற வகை.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். புள்ளி மின்னும்.

இன்று காலை துடைத்துக்கொண்டே போனபோது புள்ளி மின்னவில்லை.

அக்கா நின்றாள். இரண்டடி பின்னால் போய்த் திரும்ப வந்தாள். இல்லை. இத்தனை நாள் அந்தக் கண் திறந்திருந்தது என்று பயந்தவளுக்கு, மூடிக்கிடப்பதைப் பார்த்ததும் பயம் கூடியது. சார்ஜ் இறங்கினால் கேமரா தானாகவே தூங்கிவிடும் என்று எப்போதோ ஒரு வண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

அலுவலக அறைக்கு வந்து, கொழுந்தனிடம் வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டாள்.

"தம்பி, சார்ஜ் நெறஞ்ச வண்டி பத்து நாள்ல காலியாயிடுமா?"

"நெறஞ்சா எப்படிக் காலியாகும்? ஏன், எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா அண்ணி?"

"சும்மா கேட்டேன்பா."

"ஆனா ரொம்ப நாள் போறவங்க நெறைய ஏத்தமாட்டாங்க. பாதியில நிக்கற மாதிரி வெச்சிட்டுப் பிளக்கை விட்டுட்டுப் போவாங்க. பாதியானதும் பச்சை எரியும். கேமரா தின்னத் தின்ன வயர்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். பேட்டரிக்கு அதான் நல்லதாம்."

"பிளக்கை யாராச்சும் எடுத்துட்டா?"

"எடுத்தா கேமரா பாதியையும் தின்னு தீத்துடும். எவன் எடுக்கப் போறான்?" என்று சிரித்தான். அக்காவும் சிரித்து வைத்தாள். மேசைமேல் இருந்த பதிவேட்டில் கறுப்பு வண்டிக்கு நேரே இன்றைய தேதியும், மாலை மூன்றரை மணி விமானமும் இருந்தன.

ஓட்டமும் நடையுமாக ஒன்பதாம் கம்பத்துக்குப் போனாள். சிவப்பு வண்டி போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு வெள்ளை வண்டி செருகியிருந்தது. 'நிறைந்ததும் எடுக்கலாம்' என்று அட்டை இருந்தது. ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போது பிளக் பூட்டிக்கொள்ளும். நிறைந்தால்தான் விடும், இல்லையென்றால் வண்டிக்காரரின் சாவி வேண்டும். திரையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. மணிக்குப் பத்துகூடத் தேறாது.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வைப்பருக்குக் கீழே இருந்த தன் அட்டையை உருவி, நான்காக மடித்து, வலது கையுறைக்குள் தள்ளினாள். கண்தான் மூடிக்கிடக்கிறதே. யாரும் பார்க்கவில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டாள். வீட்டிலிருந்து கணவர் போன் செய்தார்.

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? ஷாக் அடிச்சிடுச்சா?"

"இன்னும் அடிக்கலை" என்றாள்.

"அடிச்சா சொல்லு. ரெண்டு பேருமா படுத்துக்கலாம்."

வழக்கமாக இதற்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள். இன்று போனை வைத்துவிட்டாள். இரண்டு மணிக்கு எழுபத்தொன்பது. மூன்று மணிக்கு எண்பத்தெட்டு. வியர்வையில் அட்டை உள்ளங்கையோடு ஒட்டியது. கையுறையைக் கழற்றினால் அது கீழே விழும். கழற்றாமலே தண்ணீர் குடித்தாள்.

நாலேகாலுக்குப் பூட்டு க்ளிக் என்று விட்டது. பிளக்கை உருவிக் கறுப்பு வண்டியில் செருகினாள். திரையில் நான்கு என்று காட்டியது. நூற்றுக்கு நான்கு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். திரையைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், நேரே அலுவலக அறைக்குப் போனார். அக்கா பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

"என் வண்டி பிளக்கை எடுத்தது யாரு?"

"வண்டிக்காரங்க அவங்களுக்குள்ள மாத்திக்குவாங்க சார்" என்றான் கொழுந்தன். "எங்க ஆளுங்க தொடவே மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"ஏழு மணிக்கு எங்கம்மாவைப் பாத்துக்கற பொண்ணு கெளம்பிடும். அம்மாவால தனியா எந்திரிக்க முடியாது. எனக்கு எண்பது கிலோமீட்டர் போகணும்."

"டாக்சி சொல்லட்டுமா சார்?"

"நாளைக்குக் காலையில அவங்களை ஆஸ்பத்திரியில காட்டக் கூட்டிட்டுப் போகணும், இதே வண்டியிலதான். அவங்க நாற்காலி இதுலதான் ஏறும்." நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். "கொஞ்சம் ஏறட்டும். ஏறினதும் வண்டி முழிச்சுக்கும். கேமராவுல யாருன்னு இருக்கும். பாத்துட்டுத்தான் போவேன்."

"பாருங்க சார், தாராளமாப் பாருங்க" என்றான் கொழுந்தன். அவனுக்கு என்ன பயம்?

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். அக்கா இரண்டு முறை கம்பத்துக்குப் போய்வந்தாள். ஏழு. பதினொன்று. அவருடைய அம்மாவை நினைத்தால் வேகமாக ஏறவேண்டும் என்றிருந்தது. ஒவ்வொரு எண் ஏறும்போதும் தன் முகம் அந்தப் போனுக்குள் ஒரு படி மேலே வருவதுபோலவும் இருந்தது. தன் கையாலேயே செருகிய பிளக் அது. உருவிவிடவும் முடியாது, பூட்டிக்கொண்டுவிட்டது.

ஐந்தரைக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளத் தொடங்கினார்.

"தேதி நெறைய இருக்கே" என்று முணுமுணுத்தார்.

"பன்னெண்டு நாளைக்கு முன்னால பாருங்க சார்" என்றாள் அக்கா.

இருவரும் திரும்பினார்கள். அவள் வலது கையுறையை உருவினாள். பதினோரு மாதத்தில் முதல்முறையாக அவளுடைய வெறுங்கையை அந்த அறை பார்த்தது. தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. மடித்த அட்டையைப் பிரித்து அவர்முன் வைத்தாள். மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

"நான்தான் எடுத்தேன். பச்சை எரிஞ்சுது, நெறஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். இதை உங்க வண்டியிலதான் வெச்சிருந்தேன். காலையில பயந்து எடுத்துட்டேன். தம்பிக்கு எதுவும் தெரியாது."

அவர் அட்டையைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார், பிறகு அவளை. "எவ்வளவு ஏறியிருக்கு?"

"பதினாறு."

"மெதுவா ஓட்டினா போயிடலாம்." எழுந்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புகார் கொடுக்க எடுத்துக்கொண்டாரா, வேறு எதற்கா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கறுப்பு வண்டி சத்தமில்லாமல் சரிவில் இறங்குவது ஜன்னலில் தெரிந்தது.

கொழுந்தன் பதிவேட்டில் அந்த வண்டிக்கு நேரே கோடு போட்டான். பேனாவை மூடினான். மறுபடி திறந்து, மறுபடி மூடினான். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தம்பி" என்றாள் அக்கா. கையுறையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலையில நான் வரணுமா?"

அவன் ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.