சேனை வைத்தவள் பெயர்

விளக்கெண்ணெய் சூடாகும் வாசம்... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் எனக்கு இடுப்பு வலிக்கும். கூடவே கோபமும் வரும்.

இலங்கை மலைநாட்டில், நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தலைப்பிரசவம். வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில், அடுத்த காம்பிராவில் இருந்த ராக்காயிதான் மருத்துவச்சி. கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள், கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடிவருவாள்.

வலி கண்டதும் விளக்கெண்ணெயைச் சூடாக்கி என் இடுப்பில் தடவினாள். கூரைக் கம்பில் பழைய சேலையை முறுக்கிக் கட்டினாள். அதைப் பிடித்துக் குந்தியிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கப் புதிதாக வந்திருந்த டிஸ்பென்சர் ஐயா, கங்காணியோடு வாசலில் வந்து நின்றார்.

"இனிமே பிள்ளைப்பேறெல்லாம் ஆஸ்பத்திரியிலதான். இவ கை வச்சா பற்றுச்சீட்டு குடுத்து தோட்டத்தை விட்டே அனுப்பிடுவேன்."

என்ன அநியாயம்! வலி எனக்கு, சட்டம் அவருக்கு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள்.

"எந்திரிச்சுக் குந்திக்கிறேங்கய்யா..."

"அசையாம படு!"

மத்தியானமாகியும் பிள்ளை இறங்கவில்லை. செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். ஐயாவுக்கும் முகம் வெளிறிவிட்டது. பெரிய டாக்டரைக் கூட்டிவரப் பதுளை டவுனுக்கு ஆள் அனுப்பினார்.

சேதி கேட்டு ராக்காயி முதுகில் கூடையோடு உள்ளே வந்தாள்.

"சீட்டை அப்புறம் எழுதுங்கய்யா. இப்ப நகருங்க."

என்னைத் தூக்கி உட்காரவைத்து, தன் முழங்காலை என் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என் மகள் அழுதாள். நானும்தான்.

சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்துப் பிள்ளை நாக்கில் தடவினாள் ராக்காயி. அதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை.

ஐயா என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார். வெட்கங்கெட்ட வேலை! பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை, அந்தமட்டும் சரி. ஆனால் ராக்காயி இனி ஆஸ்பத்திரிப் படியை மிதிக்கக் கூடாது என்றுவிட்டார்.

இப்போது அந்த மகளே நிறைமாசமாக இருக்கிறாள். அதே ஐயா, மீசைதான் நரைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் கூடியிருக்கிறது. பஞ்சும் மருந்தும் சுத்தமாக இருக்கின்றன. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. பக்கத்தில் நம்ம ஆள் ஒருத்தி நின்றால் இவருக்கு என்ன குறைந்துபோகும்?

போன வாரம் என் மகள் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்: "ராக்காயி சின்னம்மா உள்ள வரணும். கூரையில சேலை கட்டணும். இல்லாட்டி லயத்துலயே பெத்துக்கிறேன்."

ஐயா என் பக்கம் திரும்பினார். "இந்த வாயி இவளுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"சேனை வச்சவகிட்டயிருந்துங்க," என்றேன். "உங்க புத்தகத்துல தேடாதீங்க... அவ பேரு இருக்காது."