பாட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி

ஆம்பூர்ப் பக்கத்தில் கோட்டை நாடகம் என்ற ராஜா கதையை ஆடும் கூத்து ஜமா ஒன்றில் ஜம்புலிங்கம் கட்டியக்காரன் வேஷம் கட்டினார். ராஜா பாடுவதற்குப் பேச்சில் பொருள் சொல்வது கட்டியக்காரன் வேலை. முதலில் பாட்டு, பிறகு பொருள், அதுதான் முறை. ஆனால் பொருள் வருவதற்குள் தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

1926 ஆடித் திருவிழாவுக்கு முன் கோயில் தர்மகர்த்தா கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த வருசமும் பசங்க எழுந்து போய்ட்டா கோட்டை நாடகம் வேணாம். பட்டணத்து டிராமா கம்பெனியக் கூப்டுக்கிறோம்."

வெள்ளிக்கிழமை கிடங்குகளுக்கு விடுமுறை. அன்று ஜம்புலிங்கம் இளைஞர்களை ஒத்திகைக்கு அழைத்துவந்து, சுண்ணாம்புத் தொட்டியையும் மேஸ்திரியையும் வைத்துக் கேலி பேசினார். சிரிப்பு அடங்கவில்லை. சிறைப்பட்ட மகனுக்காக ராஜா அழுதபோதும் சிரித்தார்கள்.

ராஜா வேஷக்காரரான கூத்து வாத்தியார் அரங்கநாதன் பாட்டை நிறுத்தினார். "நான் அழுவுறேன், அவனுங்க சிரிக்கிறானுங்க. ராஜாவையே கோமாளி ஆக்கிட்டியேடா!"

"எழுந்து போவலியே வாத்தியாரே."

"அப்ப நான் இன்னாத்துக்கு? நீயே ஆடு!"

ஜம்புலிங்கம் யோசித்தார். பாட்டின் தமிழ் கடினம் என்பதால் அவர்கள் எழுந்து போவதில்லை. ராஜா எதற்காகப் பாடுகிறார் என்று தெரியாமல்தான் போகிறார்கள். "வாத்தியாரே, இனிமே பாட்டுக்கு முன்னாடி நான் பேசறேன்" என்றார்.

"மொறை மாறுதே."

"மாறட்டும். முடிவ மட்டும் சொல்ல மாட்டேன்."

திருவிழாவில் ராஜா அழும் கட்டம் வந்ததும் ஜம்புலிங்கம் மத்தளத்தை நிறுத்தச் சொல்லி, கூட்டத்தைப் பார்த்தார். "எதிரி கையில ராஜா மகன். அடைக்கலம்னு வந்தவன் ராஜா கையில. இவனக் குடுத்தா மகன் வருவான். நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"மகன மீட்டுக்குவேன். வந்தவன் யாரோ!" என்றான் கிடங்கில் வேலை பார்க்கும் வேலு.

பக்கத்திலிருந்த அவன் கூட்டாளி ஷபீ அஹமது சீறினான். "வாக்கு குடுத்துட்டு காட்டிக் குடுப்பியா? உன்கூட எவன்டா தோஸ்த்தா இருப்பான்?"

"புள்ள பெத்தாத் தெரியும் உனக்கு!"

"உனக்கு இன்னும் பொண்ணே பாக்கல, புள்ளயப் பத்திப் பேசறான்!"

கூட்டம் இரண்டுபட்டது. அரங்கநாதன் குரலெடுத்ததும் ஷபீ வேலுவின் வாயைப் பொத்தினான். "சும்மா இரு. ராஜா இன்னா சொல்றாருன்னு கேளு."

நீண்ட பாட்டு. ஒருவரும் எழவில்லை. கடைசி அடியில், "என்னைக் கொள்க" என்று ராஜா எதிரியை நோக்கிக் கை நீட்டினார்.

"ஐயோ, தானே போறாரா!" என்று வேலு கத்தினான்.

பொருள் சொல்ல வாயெடுத்த ஜம்புலிங்கம், வேலுவே சொல்லிவிட்டதால் ஒதுங்கி வழிவிட்டார்.

"இன்னொரு தபா பாடு வாத்தியாரே!" என்று பின்வரிசையில் குரல்கள் எழுந்தன. அரங்கநாதன் பாடினார். மறுநாள் தர்மகர்த்தா அடுத்த ஆண்டுக்கும் கோட்டை நாடகத்துக்கே தாம்பூலம் கொடுத்து உறுதி செய்தார். அதன்பின் கலவை, ஆற்காடு ஊர்களில் ஆடியபோதெல்லாம் ஜம்புலிங்கம் பாட்டுக்கு முன்னால் பேசினார். பாட்டுக்குப் பின் பொருள் சொல்வதை விட்டுவிட்டார்.